ஓட்டைக் கணக்கு

முந்தல் தாண்டி ஜீப் மூச்சு வாங்கும்போதுதான்
பையைத் திறப்பேன்.
அதற்கு முன் எடுத்தால் ஒச்சம்மா திட்டுவாள்,
ஊசி அவள் விலாவில் குத்துகிறதாம்.
ஒன்பது பேர் வண்டியில் பதினான்கு பேர்.
என் முழங்கைக்குக் கிடைப்பது அரையடி.

வளைவுகளில் வெறும் வரிசை,
நேர்ச்சாலையில் பூ வரிசை.
நூலை முன்னே போட்டால் ஒரு ஓட்டை.
பக்கத்திலேயே இரண்டு கண்ணியைச் சேர்த்து
ஒன்றாக வாங்கிவிட வேண்டும்.
கூடினதும் குறைந்ததும் நேராகிவிட்டால்
நூற்று நாற்பத்தெட்டு
நூற்று நாற்பத்தெட்டாகவே இருக்கும்.
கூலிச் சீட்டில் இப்படி
ஒருநாளும் வந்ததில்லை.

போனில் பார்த்துக் கற்றது.
ஏதோ குளிர்நாட்டுக்காரி, முகம் காட்டமாட்டாள்,
கை மட்டும்.
இடது கட்டைவிரலில் ஒரு தீக்காயம்.
புரியவில்லை என்று வேகத்தைப் பாதியாக்கினால்
அவள் குரல்
குடித்துவிட்டு வந்த ஆள்போல இழுக்கும்.

யாருக்கு என்றார்கள்.
சமைஞ்ச மகளுக்கு என்றாள் ஒருத்தி.
முதலாளி மருமகள் கொடுத்த ஆர்டர் என்றாள்
இன்னொருத்தி, கூலி எவ்வளவு என்றும் கேட்டாள்.
எனக்கு என்றேன்.
டிரைவர் உட்பட வண்டியே சிரித்தது.
பொத்தான் கிடையாது, முன்பக்கம் இரண்டும் சேராது,
மடிந்து மடிந்து தொங்கும் என்றேன்.
"மூடாத சட்டை மேலே குளிருக்கு ஆகாது,
ஓட்டச் சட்டைன்னாலும் கம்பளி, கீழே போடிக்கு ஆகாது.
நீ என்ன பாதி மலையிலயா குடியிருக்கே?"
ஒச்சம்மா கேட்டதற்கு
இன்னும் என்னிடம் பதில் இல்லை.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம்
தோண்டிமலைத் தோட்டத்து வாசலில் பை சோதனை.
காய் களவு போகிறதாம்.
வாச்சர் பவித்ரன் கையை விட்டுத் துழாவினான்.
"எந்தா இது? வலயோ?"
பிடித்து இழுத்தான். ஊசி உருவிக்கொண்டு வந்தது.
முப்பது கண்ணி வாயைத் திறந்துகொண்டு நின்றன.
ஒன்று இறங்கியது.
அதற்குக் கீழே ஒன்று,
ஏணி ஏணியாக.
"அய்யோ சேச்சி" என்றான்,
ஒரு காயும் அகப்படாத கையை
எங்கே வைப்பதென்று தெரியாமல்.

நான் அழவில்லை.
பன்னிரண்டு வரிசைக்கு ஒருதரம்
சிவப்புத் தையல்நூலைக் கண்ணிகளுக்குள்
குறுக்கே கோத்து விட்டுவைப்பேன்.
அதையும் அந்தத் தீக்காயக் கைதான் காட்டியிருந்தது.
சரிவு சிவப்புவரை வந்து நின்றது.
போனது ஒன்பது வரிசை,
அதாவது போகவர இரண்டு நாள்.
மெட்டில் மூட்டம். முன்னால் போகும் வண்டி தெரியவில்லை.
பதினேழு வளைவும் நான் பிரித்துக்கொண்டே இறங்க
ஒச்சம்மா நூலைச் சுற்றிக்கொண்டே வந்தாள்,
சுற்றுக்கு ஒரு தலைமுறையாக
பவித்ரன் வம்சத்தைத் திட்டிக்கொண்டு.

தை பாதியில் முடிந்தது.
கழற்றிப் போட்டபோது
வாடின பாகற்காய்போல் சுருண்டு கிடந்தது.
நனைத்து, பாயில் இழுத்து விரித்து
சுற்றிலும் எண்பது குண்டூசி குத்தினேன்.
வீட்டுக்காரருக்குப் படுக்க இடமில்லை.
"சட்டை எந்திரிச்சதும் சொல்லு" என்று
தலையணையோடு மொட்டைமாடிக்குப் போனார்.

திங்கட்கிழமை போட்டுக்கொண்டேன்,
வேலைக்கென்று சேலைமேல் மாட்டும்
அவருடைய பழைய கட்டம்போட்ட சட்டைக்கும் மேலே.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
பதினோராவது வளைவில் காற்று வந்தது.
முன்மடிப்பு இரண்டும் பறந்து
ஒச்சம்மா முகத்தில் விழுந்தன.
குளிர் உள்ளே வந்தது,
நான் விட்ட வழிகளில்.

அவள் மடிப்பை முகத்திலிருந்து எடுத்து
ஒரு ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டு
அந்தப் பக்கம் எடுத்துப் பார்த்தாள்.
ஏலக்கறை ஏறிய நகம்.
"இத்தனையும் எண்ணியா போட்டே?"

எண்ணித்தான்.

விரலை எடுக்கவில்லை.
மெட்டுவரை அப்படியே வந்தாள்.